காயம்பட்ட மனமும் நம் வகுப்பறைகளும்

பள்ளிகளில் கட்டொழுங்குப் பதிவேடு ஒன்று இருக்கும். தாமதமாக வந்தது, வீட்டுப்பாடம் செய்யாதது, ஆசிரியரை எதிர்த்துப் பேசியது, மட்டம் போட்டது என்று ஒரு மாணவன் செய்தவை எல்லாம் அதில் தேதியோடு பதிவாகும். முதல் நாள் இரவு அவன் உறங்கினானா, வீட்டில் என்ன நடந்தது, காலையில் பசியாறினானா என்பவற்றை எழுத அதில் கட்டம் இல்லை. 'மனக்காயம் அறிந்த கல்வி' என்று இன்று பல நாடுகளில் பேசப்படுவது, சுருங்கச் சொன்னால், அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியதுதான்.

இதை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் புதுமுக வகுப்பு தொடங்கி ஐந்தாம் படிவம் வரையும் பயின்றவள். பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடத்தில் இதைப் பற்றிப் படித்தபோது, பாட நூலைவிட என் பழைய வகுப்பு நண்பர்கள் சிலரின் முகங்களே கண்முன் நின்றன. இது முதற்காரணம். இரண்டாவது, நம்மைப் போன்ற பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் தன்முனைப்பு முகாம்கள். அம்முகாம்களில் வழக்கமாக இடம்பெறும் ஓர் அங்கம் காயம்பட்ட பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது என் கருத்து. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அடிப்படைகளைப் பார்ப்போம்.

மனக்காயம் என்பது என்ன?

எல்லாத் துன்பமும் மனக்காயம் ஆகிவிடாது. தேர்வில் தோற்றால் வருந்துகிறோம். தோழியோடு சண்டை என்றால் இரண்டு நாள் சாப்பாடு இறங்குவதில்லை. பிறகு தேறிவிடுகிறோம். தாங்கவும் முடியாமல் தப்பவும் முடியாமல் ஒருவர் பேரச்சத்தில் சிக்கி, அந்நிகழ்வு முடிந்த பின்னரும் அவருடைய உடலும் மனமும் அது இன்னும் முடியாததுபோல் இயங்கிக்கொண்டிருந்தால், அதையே மனக்காயம் என்கிறோம். சாலை விபத்து, வெள்ளம், குடும்பத்தில் திடீர் மரணம் போன்று ஒரே முறை நடப்பதாலும் அது ஏற்படலாம். குடித்துவிட்டு வரும் தந்தையின் மோட்டார் சத்தத்துக்கு ஒவ்வோர் இரவும் காத்திருப்பதாலும் ஏற்படலாம். பிள்ளைகளை ஆழமாகப் பாதிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஏனெனில், பாதுகாக்க வேண்டியவரே அங்கு அச்சத்துக்குக் காரணமாகிறார்.

இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்களின் தலைமையில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் இளமைப் பருவம் பற்றிக் கேட்கப்பட்டது. முதல் ஆய்வறிக்கை 1998இல் வெளிவந்தது. உடல், உள்ளம், பாலியல் சார்ந்த கொடுமைகள், புறக்கணிப்பு, வீட்டில் தாய் அடிபடுதல், குடி அல்லது போதைப்பழக்கம், மனநோய், பெற்றோர் பிரிவு, குடும்பத்தில் ஒருவர் சிறை செல்லுதல் எனப் பத்து வகை அனுபவங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். இவ்வகை அனுபவங்கள் கூடக் கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதயநோய் முதலியவற்றின் அபாயமும் படிப்படியாகக் கூடியது தெரியவந்தது.

இந்த எண்ணிக்கையைத் தனி ஒரு பிள்ளையின் சாதகம்போல் படிக்கக் கூடாது. அது மக்கள் தொகுதியைப் பற்றிய கணக்கு. நான்கு துன்பங்களைக் கண்ட பிள்ளை நன்றாக வாழ்வதும் உண்டு. 2020இல் ஆண்டாவே இது குறித்து எச்சரித்து எழுதினார். மேலும், வறுமை, பள்ளியில் பகடிவதை, இனப் பாகுபாடு ஆகியவை அந்தப் பத்தில் இடம்பெறவில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. சுகாதார அமைச்சு 2022இல் 13 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. எட்டுப் பேரில் ஒருவர் தற்கொலை பற்றிச் சிந்தித்ததாகக் கூறினார். மனச்சோர்வு எல்லாம் மனக்காயத்தால் வருவதன்று. ஆயினும், நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

அஞ்சும் நேரத்தில் பாடம் ஏறாது

ஆபத்து நேரும்போது மூளையில் அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புநீர்கள் உடலில் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அந்நேரத்தில், திட்டமிடவும் சிந்திக்கவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்மூளைப் பகுதி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. நாய் துரத்தும்போது ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல் என்றால் யாருக்குத்தான் வரும்? ஓடுவதற்கு வாய்ப்பாடு தேவையில்லை என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. இது குறையன்று, உயிர்காக்கும் ஏற்பாடு.

நாளெல்லாம் அபாயத்தில் வாழ்ந்த பிள்ளைக்கு அந்த மணி சிறிய காரணத்துக்கும் அடிக்கத் தொடங்குகிறது என்பதே சிக்கல். நாற்காலி நகரும் ஓசை, உயர்ந்த குரல், பின்னால் வந்து நிற்கும் ஆள் போதும். அப்போது உடல் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கும்: எதிர்த்தல், ஓடுதல், உறைதல். வகுப்பறையில் எதிர்ப்பது 'வாயாடித்தனம்' ஆகிறது. ஓடுவது 'பொந்தேங்' ஆகிறது. உறைந்துபோவது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. பின்வரிசையில் சத்தமின்றி உட்கார்ந்து, கேட்டால் மட்டும் தலையசைக்கும் பெண்பிள்ளைக்கு 'அடக்கமான மாணவி' என்ற நற்பெயர்கூடக் கிடைத்துவிடும்.

இரண்டாம் படிவத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எப்போதும் கதவோரமே உட்காருவான். இடத்தை மாற்றினால் மறுநாள் மீண்டும் அங்கேயே இருப்பான். பெரிய உருவமுள்ள ஆசிரியர் ஒருவர் வகுப்பை அடக்க ரோத்தானால் மேசையைத் தட்டுவது வழக்கம். தட்டிய சில நிமிடங்களில் இவன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். பாடம் முடியும்வரை திரும்ப மாட்டான். பலமுறை தண்டிக்கப்பட்டான். தண்டனைக்குப் பின் வெளியே தங்கும் நேரம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாம் படிவத்தின் பாதியில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால், மேசையைத் தட்டாத ஆசிரியர்களின் பாடங்களில் அவன் முழு நேரமும் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கவனிக்க உளவியல் பட்டம் தேவையில்லை.

பிற நாட்டுப் பள்ளிகள் செய்தவை

அமெரிக்காவில் போதைப்பழக்கம், மனநலம் தொடர்பான சேவைகளைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பு 2014இல் இந்த அணுகுமுறையை நான்கு சொற்களில் விளக்கியது. மனக்காயம் பரவலாக உள்ளது என்பதை உணர்தல், அதன் அறிகுறிகளை அடையாளம் காணுதல், அந்த அறிவைக் கொண்டு நடைமுறைகளை மாற்றுதல், மீண்டும் காயப்படுத்தாதிருத்தல் என்பனவே அவை. அங்குள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2005இலேயே மனக்காயமுற்ற பிள்ளைகளின் கல்வி பற்றி ஆசிரியர்களுக்கும் சட்டமியற்றுவோருக்குமாக ஒரு விரிவான வழிகாட்டி வெளிவந்தது.

பலரும் எடுத்துக்காட்டும் பள்ளி வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா என்னும் சிற்றூரில் உள்ள லிங்கன் உயர்நிலைப்பள்ளி. வேறு பள்ளிகளில் நிலைக்க முடியாத மாணவர்கள் சேரும் பள்ளி அது. தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர் 2010இல் தண்டனை முறையை மாற்றினார். கெட்ட வார்த்தை பேசிய மாணவனை உடனே வெளியேற்றாமல் அமைதியான அறையில் உட்காரவைத்து, 'உனக்கு என்ன ஆயிற்று? எவ்வளவு கோபத்தில் இருக்கிறாய்?' என்று முதலில் கேட்டனர். தவற்றுக்கு விளைவு இல்லாமல் போகவில்லை. அதையும் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். மாணவர்கள் இடைநீக்கத்தில் கழித்த நாள்கள் ஓராண்டில் 798இலிருந்து 135ஆகக் குறைந்தன. அப்பள்ளியைப் பற்றி 2015இல் ஓர் ஆவணப்படமும் வந்தது.

இதைப் படித்ததும் உற்சாகம் பிறப்பது இயல்பு. ஆயினும், ஒரு பள்ளியின் கதையை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. பள்ளி முழுவதையும் இவ்வாறு மாற்றுவதன் பயனை அளக்க 2019இல் கேம்பல் கூட்டமைப்பின் முறையான மதிப்பாய்வு ஒன்று நடந்தது. அவர்கள் வகுத்த கடுமையான தரத்தை நிறைவுசெய்யும் ஆய்வு ஒன்றுகூட அப்போது கிடைக்கவில்லை. பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. சரியாக அளக்கப்படவில்லை என்பதே பொருள்.

குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கோ சான்று வலுவாக உள்ளது. லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகளில் வன்முறையைக் கண்டு பாதிப்புற்ற 126 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் செய்யப்பட்ட சோதனையின் முடிவு 2003இல் வெளியானது. பயிற்சி பெற்ற மனநல அலுவலர்கள் பள்ளியிலேயே சிறு குழுவாகப் பத்து அமர்வுகள் நடத்தினர். காத்திருந்த குழுவோடு ஒப்பிடும்போது, அமர்வுகளைப் பெற்ற பிள்ளைகளின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. ஆக, சிகிச்சை பயிற்சி பெற்றவரின் வேலை. பள்ளியின் வேலை, காயத்தைக் கீறாமல் இருப்பதும், தேவையான பிள்ளையை அவரிடம் கொண்டுசேர்ப்பதும் ஆகும்.

நம் பள்ளிகளில் அறுபடும் இடம்

மலேசியாவில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் என்ற பொறுப்பு புதிதன்று. இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்ற விகிதம் 1996இலேயே வகுக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிகளிலோ அந்தப் பதவி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், அவற்றுள் பல 150 மாணவருக்கும் குறைவாக உள்ளவை. அத்தகைய சிறிய பள்ளிகளில் முழுநேர ஆலோசகரை எதிர்பார்க்க முடியாது.

ஆனால், சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு வேறொரு பலம் உண்டு. என் தமிழ்ப்பள்ளியில் எந்தப் பிள்ளையின் தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், யாருடைய அப்பா வீட்டுக்கு வருவதில்லை, யார் பசியாறாமல் வருகிறார் என்பதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் பிஸ்கட் டின் ஒன்று எப்போதும் இருக்கும். யாருக்கு என்று எவரும் கேட்டதில்லை. யாரும் அதை மனக்காயம் அறிந்த கல்வி என்று அழைக்கவில்லை. ஆயினும் அது அதுதான்.

பதின்மூன்று வயதில் இந்த இழை அறுபடுகிறது. ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை போகிறது. மதிப்பெண்களும் பிறப்புப் பத்திர நகலும் கூடவே போகின்றன. ஆறாண்டாக அப்பிள்ளையை அறிந்திருந்த அறிவு போவதில்லை. நான் யூ.பி.எஸ்.ஆர். எழுதிய காலத்தில் (அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது) மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் ஓராண்டு புதுமுக வகுப்பில் இருந்தோம். பாடம் புரியாமல் இருப்பது ஒரு சிரமம். துன்பத்தைச் சொல்ல மொழி இல்லாமல் இருப்பது வேறொரு சிரமம். அச்சம், அடி, வெட்கம், ஏக்கம் ஆகியவற்றைப் பிள்ளை வீட்டில் தமிழில் உணர்ந்திருக்கும். ஆலோசக ஆசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், பள்ளிப் பாடத்துக்காகக் கற்ற மலாய்மொழியில் அவரிடம் அதை எப்படிச் சொல்வது? 'தியாடா அப்பா-அப்பா, சிக்கு' என்று, ஒன்றுமில்லை ஆசிரியரே எனச் சொல்லிவிட்டு வருவதே எளிது.

ரோத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் மாணவர்களைப் பிரம்பால் அடிக்க வரம்புகளோடு இடமளித்தன. மாணவிகளை அடிக்கத் தடை விதித்தன. அடியால் ஒழுங்கு வரும் என்று நம்புவோர் நம்மிடையே நிறைய உண்டு. வீட்டில் அடிபடாத பிள்ளைக்கு அது ஒரு வலி மட்டுமே. வீட்டில் தினமும் அடிபடும் பிள்ளைக்கோ, பள்ளியும் வீட்டைப் போன்றதுதான் என்ற செய்தி.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டும் என்பதில்லை. ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் நம் நண்பர்களும், டியூஷன் வகுப்பு எடுக்கும் நாமும் நாளையே தொடங்கலாம்.

முதலாவது, முன்கூட்டியே தெரிவித்தல். இன்று என்ன செய்யப்போகிறோம் என்று பலகையில் எழுதிவைப்பது, திடீர் மாற்றம் இருந்தால் முன்னரே சொல்வது. எப்போது எது நடக்குமோ என்று வாழும் பிள்ளைக்கு ஒழுங்கான கால அட்டவணையே ஓர் ஆறுதல்.

இரண்டாவது, தனியே திருத்துதல். நாற்பது பேர் முன்னிலையில் பெயர் சொல்லித் திட்டும்போது பிள்ளை தவற்றைப் பற்றி எண்ணுவதில்லை. மானத்தைக் காப்பதைப் பற்றியே எண்ணுகிறது. மேசையருகே சென்று தாழ்ந்த குரலில் சொன்னால் அதே சொற்கள் காதில் ஏறும்.

மூன்றாவது, சிறு தேர்வுரிமை. 'இப்போது எழுதுகிறாயா, ஐந்து நிமிடம் கழித்தா?' என்று கேட்பதால் பாடம் கெட்டுவிடாது. எதுவும் தன் கையில் இல்லை என்றிருந்த பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிது.

நான்காவது, ஒரு பெரியவர். துன்பத்திலிருந்து மீண்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, அவர்களுக்கு நம்பகமான ஒரு பெரியவராவது இருந்தார் என்பதே. அவர் தாய்தந்தையாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியராகவோ சிற்றுண்டிச்சாலை அக்காளாகவோ இருக்கலாம்.

ஐந்தாவது, தோண்டாமல் கேட்டல். காயம் அறிந்த ஆசிரியர் கதையைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. பிள்ளை தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்கலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். 'உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உனக்குத் தெரிவிப்பேன்' என்பதே நேர்மையான பதில்.

விளக்கணைக்கும் அங்கம்

இனி நம் முகாம்களுக்கு வருகிறேன். எஸ்.பி.எம். மாணவர்களுக்கான தன்முனைப்பு முகாம்களில் கடைசி இரவு என்ன நடக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மண்டபத்தில் விளக்குகள் அணைக்கப்படும். சோகமான இசை ஒலிக்கும். 'கண்களை மூடுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலில் கூட்டம். உள்ளே உங்கள் அம்மா வெள்ளைத் துணியில்...' என்று வழிநடத்துநர் தொடங்குவார். ஒருவர் விம்ம, நாற்பது பேரும் அழுவர். பெற்றோரின் அருமை உணர்ந்து பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அந்த இரவுதான் தங்களை மாற்றியது என்று நன்றியோடு சொல்லும் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், அந்த நாற்பது பேரில் போன ஆண்டு உண்மையிலேயே அந்த வாசலில் நின்ற பிள்ளை ஒன்று இருந்தால்? தன்னைக் கொடுமைப்படுத்தும் அப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதாகக் கற்பனை செய்யும்படி அடிபடும் பிள்ளை ஒன்றுக்குச் சொல்லப்பட்டால்? இருட்டு, உரத்த இசை, வெளியே போக முடியாத நிலை, உணர்ச்சிப் பெருக்கு. காயத்தை மீண்டும் திறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சூழலை அமைப்பது கடினம். எல்லாரும் அழுவதால், யாருடைய அழுகை வேறு வகையானது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாம் பேருந்தேறி வளாகத்துக்குத் திரும்பிவிடுவோம். திறந்த காயத்தோடு அந்தப் பிள்ளை திங்கட்கிழமை எங்கே போகும்?

இது என் ஊகம் மட்டுமன்று. பேரிடருக்குப் பின் மக்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிந்தைய பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று 2002ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கண்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, எவரையும் பேச வற்புறுத்தாதீர்கள் என்று தெளிவாகவே கூறுகிறது. பார், கேள், உதவியோடு இணை என்பதே அதன் சாரம். பேரிடர் களத்தில் பயிற்சி பெற்றவர்களே தவிர்க்கும் ஒன்றைப் பயிற்சியில்லாத நாம் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் செய்வது முறையா?

அந்த அங்கத்தை நீக்கினால் முகாம் உப்புச்சப்பில்லாமல் போய்விடுமே என்பார்கள். போகாது. தங்கள் வாழ்க்கையில் துணைநின்ற ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். அது அம்மாவா, பாட்டியா, பக்கத்து வீட்டு அக்காவா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். புதுமுக வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை எப்படி வந்தோம், எந்த உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பித்தோம் என்று நாம் நம் கதையைச் சொல்லலாம். அழுகையைவிட அந்த விவரங்கள் அதிக நாள் பயன்படும்.

ஆகவே, அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரலைத் தீட்டும் செயலவையினருக்கு என் வேண்டுகோள் இவை. விளக்கணைக்கும் அங்கத்தை எடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரலை முதல் நாளே சுவரில் ஒட்டுங்கள். எந்த அங்கத்திலிருந்தும் காரணம் சொல்லாமல் வெளியேறலாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். அவர்கள் உட்கார ஓர் அமைதியான அறையும், கூடவே இருக்க ஒரு மூத்த மாணவரும் இருக்கட்டும். முகாமுக்கு முன்பே அப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரைச் சந்தித்து, ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை எழுந்தால் யாரை அழைப்பது என்று கேட்டு வையுங்கள். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் அந்த வட்டாரத்தில் யார் என்றும் விசாரியுங்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் கோப்பின் முதல் பக்கத்தில், எஸ்.பி.எம். கால அட்டவணைக்கு மேலே, இரண்டு எண்களை அச்சிடுங்கள்: தாலியான் காசே 15999, மனநல உதவிக்கான தாலியான் ஹீல் 15555.